கேப்ரியெல்லா பாபடாகிஸ்: அந்தக் கொக்கி அவிழாமல் இருந்திருந்தால்?

#1 வெண்பனி

செய்தி பார்த்திருப்பீர்கள். பிரான்ஸின் பனிநடன (ஐஸ் டான்ஸ்) ஜோடியான கேப்ரியெல்லா பாபடாகிஸும் கியோம் சிசெரோனும் இனி ஜோடியாகப் போட்டிகளில் ஆடப் போவதில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். 2022 மார்ச்சுக்குப் பிறகு அவர்கள் எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை, அதனால் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் படித்ததும் மனசு கனத்துப் போனது.

ஒரு ஒலிம்பிக் தங்கம், ஒரு ஒலிம்பிக் வெள்ளி, ஐந்து உலகப் பட்டங்கள் (2015, 2016, 2018, 2019, 2022), 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து ஐரோப்பியப் பட்டங்கள். இவ்வளவு இருந்தும், கேப்ரியெல்லாவின் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அவர் உடையின் கழுத்துக் கொக்கி அவிழ்ந்த சம்பவம்தான். அன்று போட்டியின் முதல் பகுதியான ஷார்ட் டான்ஸ் தொடங்கிய சில நொடிகளிலேயே கொக்கி கழன்றது. மொத்தத்தில் 0.79 புள்ளியில் தங்கம் போனது. அவர்களுக்கு 205.28. கனடாவின் டெஸ்ஸா வெர்ச்சூ, ஸ்காட் மோயர் ஜோடிக்கு 206.07.

அந்தக் கொக்கி மட்டும் நின்றிருந்தால் தங்கம் அவர்களுக்குத்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 திண்ணைவாசி

எனக்கு இந்த விளையாட்டு புதிது. பனிநடனம் என்றால் ஆளைத் தூக்கி எறிந்து பிடிப்பார்களே, அதுவா?

#3 பழையவானொலி

இல்லை தம்பி, நீங்கள் சொல்வது பேர் ஸ்கேட்டிங். அதில் எறிதல், தலைக்கு மேல் தூக்குவது, தாவிச் சுழல்வது எல்லாம் உண்டு. ஐஸ் டான்ஸில் அவை கிடையாது. லிஃப்ட் உண்டு, ஆனால் பெண்ணைத் தலைக்கு மேல் கை நீட்டித் தூக்கிப் பிடிக்கக் கூடாது, சில நொடிகளில் இறக்கிவிடவும் வேண்டும். இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் அதிகம் விலகக் கூடாது. காலணிக் கத்தியின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு, திருப்பம், தாளம் இவற்றில்தான் மொத்தத் திறமையும் தெரிய வேண்டும். ஒற்றைக்காலில் சுழன்றுகொண்டே நகர்வார்களே, அதற்கு ட்விஸில் என்று பெயர். இருவரும் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில் சுழல வேண்டும். அரை நொடி பிசகினாலும் பார்க்கும் நமக்கே தெரிந்துவிடும்.

போட்டிக்கு இரண்டு பகுதிகள். முதலில் ஷார்ட் டான்ஸ் (2018க்குப் பிறகு அதன் பெயர் ரிதம் டான்ஸ்). அந்த ஆண்டுக்கென்று விதித்த தாளத்தில் ஆட வேண்டும். அடுத்தது ஃப்ரீ டான்ஸ். அதில் இசை அவர்கள் விருப்பம்.

வெண்பனி, உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

#4 கடலோரம்

கொக்கி ஒரு சாக்கு என்றுதான் நான் சொல்வேன். வருத்தப்படாதீர்கள் அக்கா, கணக்கைப் பாருங்கள்.

2017 ஹெல்சின்கி உலகப் போட்டி. ஷார்ட் டான்ஸில் வெர்ச்சூ, மோயருக்கு 82.43, பாபடாகிஸ் ஜோடிக்கு 76.89. அன்று எந்தக் கொக்கியும் அவிழவில்லை. மறுநாள் ஃப்ரீ டான்ஸில் பிரெஞ்சு ஜோடி 119.15 எடுத்து உலகச் சாதனை படைத்தது. கனடா ஜோடிக்கு 116.19. ஃப்ரீயில் கிட்டத்தட்ட 3 புள்ளி அதிகம் எடுத்தும், மொத்தத்தில் 198.62க்கு எதிராக 196.04 என்று தோற்றார்கள்.

பியோங்சாங்கிலும் அதே கதை. ஃப்ரீயில் 123.35க்கு 122.40 என்று இவர்கள் முன்னால். ஷார்ட்டில் 81.93க்கு 83.67 என்று பின்னால். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், இரண்டு பெரிய மேடைகள், ஒரே மாதிரித் தோல்வி. பியானோவுக்கு நீண்டு, வழிந்து, மூச்சு விடுவதுபோல ஆடுவது அவர்கள் பாணி. அது ஃப்ரீ டான்ஸுக்குப் பொருந்தியது. ஷார்ட்டில் கேட்கும் தாளத்தின் வெட்டும் குத்தும் வெர்ச்சூவிடமும் மோயரிடமும்தான் கூர்மையாக இருந்தன.

#5 தென்றல்82

கடலோரம் அண்ணா, ஹெல்சின்கிக்கும் பியோங்சாங்குக்கும் நடுவில் ஒரு முழுப் பருவம் இருந்தது. அதை விட்டுவிட்டீர்களே.

2017 நவம்பரில் சீனாவில் இவர்கள் 200.43 எடுத்தார்கள். ஐஸ் டான்ஸில் 200ஐத் தாண்டிய முதல் ஜோடி இவர்கள்தான். டிசம்பரில் நகோயாவில் கிராண்ட் ப்ரீ தொடரின் இறுதிப் போட்டி. எதிரே அதே வெர்ச்சூ, மோயர். ஷார்ட் டான்ஸில் பிரான்ஸ் 82.07, கனடா 81.53. ஷார்ட்டிலேயே இவர்கள் முன்னால்! மொத்தத்தில் 202.16க்கு 199.86. ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம் முன்பு, அதே ஷார்ட் டான்ஸுடன், அதே எதிரிகளை வென்றிருக்கிறார்கள். அப்படியிருக்க, ஷார்ட் அவர்களுக்கு வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

#6 வெண்பனி

நன்றி தென்றல். நான் சொல்ல நினைத்தது இதுதான். இன்னொன்றும் உண்டு. ஒலிம்பிக் முடிந்து ஒரு மாதம் கழித்து மிலானில் உலகப் போட்டி. உடை ஒழுங்காக நின்றது. ஷார்ட்டில் 83.73. அந்த ஒரு மாதத்தை முன்னால் நகர்த்திப் பாருங்கள். பியோங்சாங்கில் 83.73 வந்திருந்தால் மொத்தம் 207.08. தங்கம்.

#7 கடலோரம்

மிலானில் வெர்ச்சூவும் மோயரும் இல்லையே அக்கா. அவர்கள் ஒலிம்பிக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். நடுவர்களும் வேறு. ஒரு போட்டியின் எண்ணை எடுத்து இன்னொரு போட்டியில் வைக்க முடியாது. போட்டி இல்லாத மேடையில் எண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

நகோயா விஷயத்தில் தென்றல் சொல்வது சரி, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

#8 ஊசிநூல்

நான் மேடை உடைகள் தைப்பவள். 22 வருடமாக இதே தொழில். ஸ்கேட்டிங் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் அந்த வீடியோவை எங்கள் கடையில் நாங்கள் எல்லோரும் பார்த்தோம், எங்களுக்கு அது பாடம்.

கழுத்துக்குப் பின்னால் மாட்டும் உடையில் மேல்பாகத்தின் மொத்த இழுவையும் அந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும். தோளில் பட்டை இருந்தால் பாரம் இரண்டாகப் பிரியும். இதில் பிரியாது. ஆடுகிறவர் முதுகை வளைக்கும்போது, கையை மேலே வீசும்போது, துணி கீழ்நோக்கி இழுக்கும். நாங்கள் ஹூக் மாட்டிய பிறகு, உடம்பில் வைத்தே மேலே இரண்டு தையல் போட்டுவிடுவோம். ஆட்டம் முடிந்ததும் பிரித்துக் கொடுப்போம். உள்ளே தோல் நிறத்தில் மெல்லிய வலைத்துணி கொடுப்பதும் உண்டு. தைத்தவரைக் குறை சொல்லவில்லை. எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒரு நாள் கைவிட்டுவிடும்.

எனக்கு ஒரே கேள்வி. அந்தப் பெண் ஏன் நிறுத்தவில்லை? சரி செய்துகொண்டு வந்து ஆடியிருக்கலாமே. உலகமே பார்க்கிற இடத்தில் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை.

#9 பழையவானொலி

நல்ல கேள்வி அம்மா. அப்போதைய விதி இதுதான். உடையிலோ காலணியிலோ கோளாறு வந்தால் நடுவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, மூன்று நிமிடத்துக்குள் சரி செய்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அதற்கு 5 புள்ளி போய்விடும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு புள்ளிகூட இல்லாத போட்டியில் 5 புள்ளியை யார் விடுவார்கள்? உடையிலிருந்து ஏதாவது கழன்று பனியில் விழுந்தால் 1 புள்ளி. அவருடையது அவிழ்ந்ததே தவிர விழவில்லை, அதனால் அந்தக் கழிவும் இல்லை.

ஆக, அவர் முன்னால் இருந்தது இரண்டே வழி. நிறுத்தினால் தங்கம் அப்போதே போய்விட்டது. நிறுத்தாவிட்டால் அடுத்த இரண்டரை நிமிடத்துக்கு மேல், துணி எப்போது எங்கே நழுவும் என்று தெரியாமல், சிரித்த முகத்தோடு ஆட வேண்டும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தன் மிக மோசமான கெட்ட கனவு ஒலிம்பிக்கில் நடந்துவிட்டது என்ற பொருளில் பின்னர் சொன்னார்.

இப்போது வெண்பனியின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் அந்த 81.93ஐ ஒரு விபத்தின் எண்ணாகப் பார்க்கிறீர்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை.

நகோயாவில் அவர்களுடைய ஷார்ட் 82.07. ஜனவரியில் மாஸ்கோவில் ஐரோப்பியப் போட்டியில் 81.29. இரண்டிலும் உடை ஒழுங்காக இருந்தது. பியோங்சாங்கில் கொக்கி அவிழ்ந்த நிலையில் 81.93. நகோயாவை விட வெறும் 0.14 குறைவு. மாஸ்கோவை விட அதிகம்! கொக்கி அவிழ்ந்தும் அவர் அந்தப் பருவத்தின் தன் சிறந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஆடியிருக்கிறார். உடையைக் காப்பாற்றக் கை போக வேண்டிய நேரத்திலும், கால் தன் வேலையை விடவில்லை. எல்லா ஜோடிகளுக்கும் விதித்த ரும்பா அடிவரிசையில் (பாட்டர்ன்) ஒவ்வொரு அடியையும் எந்த விளிம்பில் வைக்கிறார்கள் என்று தொழில்நுட்பக் குழு திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும். அங்கே தடுமாறியிருந்தால் அதற்குக் கொடுக்கும் தர நிலை (லெவல்) சரிந்து, எண்ணில் அப்படியே தெரிந்திருக்கும்.

அப்படியானால் தங்கம் எங்கே போனது? வெர்ச்சூவும் மோயரும் நகோயாவின் 81.53இலிருந்து 83.67க்கு ஏறினார்கள். இரண்டு புள்ளிக்கு மேல். அவர்கள் அந்த இரண்டு மாதத்தில் மேலே போய்விட்டார்கள். பிரெஞ்சு ஜோடி கீழே விழவில்லை. எனக்கு அந்த ஆட்டம் கேப்ரியெல்லாவின் வாழ்நாள் சாதனைகளில் ஒன்று. ஐயோ பாவம் என்று அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

#10 வெண்பனி

பழையவானொலி சார், இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. மாஸ்கோவை விட அதிகம் என்பது எனக்குத் தெரியாது.

ஆனாலும் கேட்கிறேன். கொக்கி நின்றிருந்தால் அவர்களும் ஏறியிருக்க மாட்டார்களா? எதிரிகள் ஏறும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் அதே எண்? கலைப் பகுதிக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில், முகபாவத்தில், உடம்பை முழுதாக வீசி ஆடுவதில், பயம் கொஞ்சமாவது தெரிந்திருக்காதா?

#11 பழையவானொலி

ஏறியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. 1.74 வித்தியாசத்தில் 0.80 குறைந்திருந்தால் போதும், மறுநாள் கணக்கு மாறியிருக்கும். அந்த அளவுக்கு இடம் இருந்தது.

#12 மஞ்சள்நிலா

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் தொண்டையை அடைக்கும் இடம் வேறு. இரண்டு ஜோடிகளும் மாண்ட்ரியலில் ஒரே தளத்தில், ஒரே பயிற்சியாளர்களிடம் பழகியவர்கள். மாரி-ஃபிரான்ஸ் டியூப்ரே, பாட்ரிஸ் லோசான் தம்பதி (இவர்களே 2006, 2007 உலகப் போட்டிகளில் கனடாவுக்கு வெள்ளி வாங்கியவர்கள்), அப்புறம் பிரான்ஸிலிருந்து வந்த ரொமேன் அகெனாவர். காலையில் ஒரே பனியில் பயிற்சி, பிப்ரவரியில் ஒரே தங்கத்துக்குப் போட்டி.

2018 பிப்ரவரி 20, ஃப்ரீ டான்ஸ். பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவுக்கு முதலில் பிரெஞ்சு ஜோடி ஆடியது. முந்தின நாள் அப்படி ஒரு அவமானத்தைச் சுமந்துகொண்டு வந்து, ஃப்ரீயிலும் மொத்தத்திலும் உலகச் சாதனை. மோயரும் வெர்ச்சூவும் கடைசியாக வந்து மொத்தத்தை 0.79 தாண்டினார்கள். ஃப்ரீ டான்ஸ் சாதனை மட்டும் இவர்களிடமே தங்கியது. அந்த மூன்று பயிற்சியாளர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை ஜெயித்ததற்குச் சிரிக்க வேண்டும், அதே நொடியில் இன்னொரு பிள்ளையைத் தேற்ற வேண்டும்.

#13 திண்ணைவாசி

கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. இவர்கள் எப்படி இந்த அளவுக்கு வந்தார்கள்? சின்ன வயதிலிருந்தே ஒன்றாக ஆடுகிறார்களா?

#14 மஞ்சள்நிலா

ஆமாம், சிறுபிள்ளைகளாக இருந்தபோதே. பிரான்ஸின் நடுப்பகுதியில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊர். கேப்ரியெல்லா அங்கே 1995 மே மாதம் பிறந்தவர். குடும்பப் பெயர் கிரேக்கப் பெயர். அவர் அம்மா கேத்தரின் அந்த ஊரில் ஸ்கேட்டிங் பயிற்சியாளர், இருவருக்கும் முதல் குருவும் அவர்தான். கியோம் ஆறு மாதம் மூத்தவர். அங்கிருந்து லியோனுக்கு, மூரியல் ஸாஸுயியிடமும் அகெனாவரிடமும் போனார்கள். 2013இல் மிலானில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி. 2014இல் அகெனாவர் மாண்ட்ரியலுக்கு மாறியபோது, இவர்களும் ஊரை விட்டு அவர் பின்னாலேயே போனார்கள். அப்போது கேப்ரியெல்லாவுக்கு 19.

அதற்குப் பிறகு நடந்தது ஐஸ் டான்ஸில் கேள்விப்படாதது. இந்த விளையாட்டில் வரிசையில் நின்று, ஆண்டுக்கு ஓரிரு இடமாக மேலே ஏறுவதுதான் வழக்கம். 2014 உலகப் போட்டியில் இவர்கள் 13ஆம் இடம். 2015இல் ஷாங்காயில் முதல் இடம்! ஷார்ட் டான்ஸுக்குப் பிறகு நான்காவதாக இருந்தவர்கள், மோட்ஸார்ட்டின் 23ஆம் பியானோ கான்செர்ட்டோவின் மெதுவான பகுதிக்கு ஆடி எல்லோரையும் தாண்டினார்கள். முதல்முறை பார்த்தபோது எங்கே அடி எடுத்து வைக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. முழங்கால் மடங்கி நிமிர்வது மட்டும்தான் தெரிந்தது, வேகம் தானாக வந்தது.

#15 கடலோரம்

பார்த்தீர்களா, அங்கேயும் ஷார்ட்டில் நான்காம் இடம். :)

மஞ்சள்நிலா, 2015 ஆகஸ்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் விழுந்து கேப்ரியெல்லாவுக்குத் தலையில் அடி, மூளை அதிர்ச்சி. அந்த இலையுதிர்காலத்து கிராண்ட் ப்ரீ போட்டிகள் முழுக்கப் போயின. டிசம்பரில் பிரெஞ்சு தேசியப் போட்டியில் திரும்பி, ஜனவரியில் பிராட்டிஸ்லாவாவில் ஐரோப்பியப் பட்டம், மார்ச் கடைசியில் பாஸ்டனில் உலகப் பட்டம். தலையில் அடிபட்டவருக்கு வெளிச்சமும் சத்தமும் எவ்வளவு வதைக்கும் என்பதை என் தம்பிக்கு வண்டி விபத்து நடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தலையோடு சுழல்வது சாதாரண விஷயம் இல்லை. கொக்கியைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

#16 பழையவானொலி

கடலோரம், உங்கள் ஷார்ட் டான்ஸ் வாதத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை. உண்மையில் அவர்களும் அதைத் தள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். 2018க்குப் பிறகு அவர்கள் செய்ததைப் பாருங்கள். பியானோ ஜோடி என்று பெயர் வாங்கிவிட்டவர்கள், 2019-20இல் எண்பதுகளின் ஏரோபிக்ஸ் உடையில் வந்து ரிதம் டான்ஸ் ஆடினார்கள். அந்தப் பருவத்தில் கிராஸில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ரஷ்யாவின் சினித்சினா, கத்சலாபோவ் ஜோடியிடம் 0.14இல் பட்டத்தை இழந்தார்கள். அப்புறம் கொரோனா. சொந்தப் பயிற்சி ஊரான மாண்ட்ரியலில் நடக்க இருந்த 2020 உலகப் போட்டியே ரத்து. அடுத்த பருவம் முழுக்க அவர்கள் போட்டியில் இறங்கவில்லை. ஒலிம்பிக்குக்கு முன் ஒரு முழுப் பருவம் காணாமல் போவது பெரிய சூதாட்டம்.

2021-22இல் ரிதம் டான்ஸுக்குத் தெருநடனத் தாளங்கள் என்று விதி வந்தது. இவர்கள் எடுத்தது வாக்கிங் (waacking). எழுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸின் தன்பாலினத்தவர் கிளப்புகளில் பிறந்த நடனம். கை தோளுக்குப் பின்னால் சுழன்று, ஒவ்வொரு தாளத்திலும் சட்டென நின்று, உடனே அடுத்த கோட்டில் போக வேண்டும். வழிந்து ஓடுவதற்கு அதில் இடமே இல்லை. 2022 பிப்ரவரி 12, பெய்ஜிங் ஒலிம்பிக். 90.83, அந்த நாளின் உலகச் சாதனை. ரிதம் டான்ஸில் முதலிடம்.

எந்தப் பகுதியில் தோற்றார்களோ அதே பகுதியில் சாதனையோடு முன்னால் போனார்கள். அதற்குப் பிறகு ஃபொரேயின் எலெஜிக்கு ஃப்ரீ டான்ஸ், 136.15. மொத்தம் 226.98. சினித்சினா ஜோடிக்கு 220.51. ஆறு புள்ளிக்கு மேல்.

#17 தென்றல்82

அந்தப் பிப்ரவரி 14 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதிப்பெண் வந்ததும் என் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. நல்லது, தூங்கு என்றார்.

பிரான்ஸுக்கு ஐஸ் டான்ஸில் அது இரண்டாவது ஒலிம்பிக் தங்கம் இல்லையா?

#18 மஞ்சள்நிலா

ஆமாம். முதலாவது 2002 சால்ட் லேக் சிட்டியில் மரினா அனிசினா, க்வெண்டல் பெய்ஸெரா. அதற்கு முன்னால் 1992இல் சொந்த நாட்டில் ஆல்பர்வில்லில் டியூஷெனே அண்ணன் தங்கைக்குத் தங்கம் கிடைக்கும் என்று நாடே காத்திருந்து, வெள்ளியோடு முடிந்தது. 2006இல் இசபெல் டெலோபெல், ஒலிவியே ஷோன்ஃபெல்டர் ஜோடியும், 2014இல் நதாலி பெஷலா, ஃபாபியன் பூர்ஸா ஜோடியும் நான்காம் இடத்தில் நின்றார்கள். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் 2018 வெள்ளி பிரான்ஸில் ஏன் அவ்வளவு வலித்தது என்று புரியும்.

#19 கடலோரம்

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 மார்ச்சில் மோன்பெலியேயில் நடந்த உலகப் போட்டியில் சொந்த மக்கள் முன்னால் அவர்கள் எடுத்த 229.82 (92.73 + 137.09) அன்றைய உலகச் சாதனைதான், ஆனால் அங்கே ரஷ்ய ஜோடிகள் இல்லை. உக்ரைன் போர் காரணமாகத் தடை. பட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆட்டத்துக்கு யார் எதிரே நின்றிருந்தாலும் ஜெயித்திருக்க முடியாது என்பதுதான் என் எண்ணம்.

பழையவானொலி அண்ணா, கொக்கி ஒரு சாக்கு என்று #4இல் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சாக்கு என்று சொல்ல வேண்டுமானால் அதை அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் சொல்லவில்லை, ரசிகர்கள்தான் சொன்னோம்.

#20 ஊசிநூல்

இதையெல்லாம் படித்துவிட்டு இன்று மத்தியானம் பெய்ஜிங் ஆட்டத்தைக் கடையில் போட்டுப் பார்த்தோம். எல்லாப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு முதலில் கண் போனது கழுத்துக்குத்தான், தொழில் புத்தி. அப்புறம் மறந்துவிட்டேன், காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஷாங்காய் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்ஸார்ட் என்று தேடினால் வருமா?

#21 மஞ்சள்நிலா

வரும் அக்கா. பெயரோடு 2015 ஷாங்காய் ஃப்ரீ டான்ஸ் என்று போடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இசை மெதுவாகும் இடங்களில் பனியில் கத்தி உரசும் சத்தம் கேட்கும்.